மதகடியில் ஒரு படி

கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம், மிஸ்டர் தசரதன். உள்ளே என் மகள் தாட்சாயிணி படுத்திருக்கிறாள். தலைப்பிரசவம், ஏழாம் மாதம். அம்பத்தூர்க் காற்று அவளுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது. இளைப்புக்காரனான எனக்கும்தான். காலையில் வெள்ளானூர் வரை வண்டியில் போய், ஏரிக்கரையில் உலாவிவிட்டு வருவேன்.

அந்தப் பெண் ஏரியில் முழுகிய அன்றும் என்னை அங்கே பார்த்ததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வந்ததிலிருந்து என் கையையே பார்க்கிறீர்கள். நானும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். சப்-இன்ஸ்பெக்டர் தனியாக வந்திருக்கிறார், கூட ஒரு கான்ஸ்டபிள்கூட இல்லை. நல்லது. போலீஸிடம் சொல்லும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

'எம் பொண்ண நானே கொன்னுட்டேன்' என்று அவள் தாய் கெங்கம்மாள் வெள்ளானூர்த் தெருவெல்லாம் சொன்னாள். நீங்கள் வெளியூர்க்காரர், உள்ளே பிடித்துப் போட்டுவிட்டீர்கள். இந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்திருந்தால் அவள் சொன்னதன் அர்த்தம் புரிந்திருக்கும்.

பங்குத் தரகுக் கம்பெனிகளுக்கு இருபது வருஷமாக நான் வக்கீல். பட்டாளத்துக்கென்று ஆவடிப் பக்கம் நிலம் எடுத்தார்களே, அந்தப் பணத்தோடு நின்ற குடியானவர்களைத் தேடித் தரகர்கள் வந்தார்கள். மில் பங்கு வாங்கிக் கொடுத்தார்கள். விற்பதற்கு வேண்டிய காகிதத்தில் அன்றைக்கே கைநாட்டும் வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் விலை ஏறும். 'விலை இறங்கியிருந்தபோதே விற்கச் சொன்னாயே, விற்றாயிற்று' என்று கம்பெனி சொல்லி, ஏறின லாபத்தை எடுத்துக்கொள்ளும். 'நான் சொல்லவே இல்லை' என்று இவர்கள் பூந்தமல்லி கோர்ட்டுக்கு வருவார்கள். எல்லாம் வாய்ச்சொல், சாட்சி கிடையாது.

அந்த இடத்தில் எழுந்து நான் ஒன்றே ஒன்று சொல்வேன். 'அவர்கள் ஊர் அம்மன் முன்னால் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யட்டும், நாங்கள் கட்டுப்படுகிறோம்.' சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஒருவரும் செய்ததில்லை. உண்மை சொல்கிறவர்களுக்குத்தான் பயம் அதிகம். வாய் தவறி ஒரு வார்த்தை பிசகினாலும் பிள்ளை குட்டியைக் கொண்டுபோய்விடும் என்று நடுங்குவார்கள். மறுத்ததை முன்சீப் குறித்துக்கொள்வார், கேஸ் அதோடு படுத்துவிடும். இந்த யோசனை எனக்கு வந்த நாளில் நான் சந்தோஷப்பட்டேன், ஒளிப்பானேன்.

கெங்கம்மாள் மட்டும் மறுக்கவில்லை. புருஷன் இல்லாதவள், ஒரே மகள் ராஜம்மா. 'நான் விக்கச் சொல்லல சாமி. எங்க வேணா வர்றேன், அணைக்கிறேன். அம்மன்கிட்ட எனக்கு இன்னா பயம்?' என்றாள். எல்லையம்மன் கோயிலில் ஊரே கூடி நிற்க உள்ளங்கையால் கற்பூரத்தை அடித்து அணைத்தாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அவள் சொன்னது உண்மை என்று எனக்கு முன்பே தெரியும்.

அவளுக்குத் தீர்ப்பானது பெரிதில்லை. சத்தியம் செய்தவளுக்கு ஒரு மண்டலம் ஆகும் வரை ஊர் காத்திருக்கும். அதற்குள் வீட்டில் கெடுதல் வந்தால் பொய்ச் சத்தியம். வராமல் போனால், திருமழிசை வரை இருக்கிற அத்தனை பேரும் கற்பூரத்தோடு வந்து நிற்பார்கள். என் கம்பெனி அதைத் தாங்காது. என் தொழிலும் தாங்காது.

முதலில் அவள் மாட்டைத்தான் நினைத்தேன். மாடு சும்மாவே செத்துப்போகும், ஊர் நம்பாது. இதை நான் அவசரப்பட்டு முடிவு செய்யவில்லை.

ராஜம்மா தினமும் ஏரி மதகடியில் பாத்திரம் துலக்க வருவாள். தெரிந்த முகம்தானே, அன்று என்னைப் பார்த்து எழுந்து நின்றாள். மோதிரம் தண்ணீரில் விழுந்துவிட்டது, எடுத்துக் கொடுப்பாயா என்றேன். 'அங்க ஆழம் கீதுங்களே சாமி' என்றாள். அங்கே ஒரு படி இருக்கிறது, எனக்குத் தெரியும், கால் வை என்றேன். வக்கீல் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். அங்கே படி இல்லை. நான் அவளைத் தொடக்கூட இல்லை. தண்ணீர் அடங்கும் வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

மகளின் காரியம் முடிந்ததும் கெங்கம்மாள் இந்த வீட்டு வாசலுக்கு வந்தாள். தீர்ப்புப் பணத்தை மடியிலிருந்து அவிழ்த்து வைத்துவிட்டு அழுதாள். 'நான்தான் விக்கச் சொல்லிக்கினு மறந்துட்டேன் போல சாமி. அம்மன் பொய் சொல்வாளா?' என்றாள். அம்மன் தண்டித்துவிட்டாள் என்பதற்காகத் தன் ஞாபகத்தையே பொய் என்று சொன்னாள். மற்றவர்களும் வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள்.

நாளை மாஜிஸ்திரேட்டிடமும் அவள் 'நானே கொன்னுட்டேன்' என்றுதான் சொல்வாள். அங்கே சொன்னால் அது செல்லும், தூக்குவரை கொண்டுபோகும், அதற்காகத்தான் அவசரப்படுகிறீர்கள். மகள் செத்தது சத்தியத்தால் இல்லை என்று யார் போய்ச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள், வக்கீலே கோயிலில் வந்து சொன்னால்தான் நம்புவாள் என்கிறீர்கள். இப்போது சொன்னதையே கற்பூரம் அணைத்துச் சொல்லச் சொல்கிறீர்கள். அது போதும், அவள் வாக்குமூலத்தை மாற்றிவிடுவாள், உயிர் பிழைப்பாள் என்கிறீர்கள்.

நல்ல யோசனைதான். என்னிடமிருந்தே கற்றிருக்கிறீர்கள். எனக்கு இந்தச் சாமி பூதத்தில் நம்பிக்கை கிடையாது, அது வேறு விஷயம். இதுவரை சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனாலும் கோயிலுக்கு நான் வரமாட்டேன்.

உண்மையாகவே இருந்தாலும் கற்பூரத்தில் கை வைக்க முடியாது, மிஸ்டர் தசரதன். சொல்லும்போது வாய் தவறி ஒரு வார்த்தை பிசகிவிட்டால்? உள்ளே மாசமாக இருக்கிறவள் என் ஒரே மகள்.