ஐஸ் பெட்டியில் இரண்டு கை உப்பு

பெட்டியில் உப்பு எப்படி வந்தது என்று கேட்கிறீர்கள். எங்கள் கடற்கரையில் ஐஸுக்கு உப்புப் போடுவது புதிதில்லை, சார். குளிர் கூடும். மீன் வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான்.

உச்சிப்புளியில் முப்பது வருடமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். தலைவலி மாத்திரைக்கும் பேரம் பேசுகிற ஊர். மனைவி போனபின், மருந்துச் சீட்டை நீட்டாமல் என்னோடு உட்கார்ந்து பேசியவன் சோணைமுத்து ஒருவன்தான். தினமும் ஐந்து மணிக்கு ஸ்டூலை இழுத்துப்போட்டு, "ஏலே கூத்தையா, இந்தக் கடையில காலாவதியான சரக்கு நீ ஒருத்தந்தாம்லே" என்பான்.

அவனை நிரந்தரமாக அழைத்துப்போக மஸ்கட்டிலிருந்து அவன் மகள் கனகலட்சுமி வந்திருந்தாள். விசா தயார்.

"அங்கன யாருகூடலே பேசப்போற?" என்றேன்.

"பேரன் இருக்கான்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

நான்காம் நாள் பைக்கிலிருந்து விழுந்தான். அதில் என் கை இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். தலையில் அடி. அடிபட்ட மூளையில் நரம்பணுக்கள் நாள்கணக்கில் செத்துக்கொண்டே போகும், சாகாமல் காக்க வளர்ச்சிக் காரணி ஊசி ஒன்று புதிதாக வந்திருக்கிறது, உடனே போட்டால் எழுந்து பேசுவார் என்றார் ராமநாதபுரத்து டாக்டர். மருந்து மதுரையில் இருந்தது.

"மாமா, ஒங்கள விட்டா யாரு பதனமாக் கொண்டாருவா?" என்றாள் கனகலட்சுமி.

கொண்டுவந்தேன். வாலிநோக்கம் உப்பு இரண்டு கை அள்ளி ஐஸில் கலந்தேன். பரமக்குடியில் டீ குடிக்க இறங்கியபோது குப்பிகளைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளே கல்லாக உறைந்திருந்தன. வெயிலில் வைத்து இளகவிட்டேன். பிறகு புது ஐஸ்.

அந்த மருந்து புரதம், சார். குளிரலாம், உறையக் கூடாது. உறைந்து இளகினால் பார்வைக்கு அதே தண்ணீர்தான், வேலைக்கு ஆகாது. மீன் வியாபாரிக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும்.

பிழைத்துக்கொண்டான். பேச்சு மட்டும் திரும்பவில்லை, நடையும் இல்லை. அந்த நிலையில் மஸ்கட்டுக்கு எப்படிக் கூட்டிப்போவது? என் கையைப் பிடித்து அழுதுவிட்டு, அவனை என்னிடம் ஒப்படைத்துப் போனாள்.

இப்போது ஐந்து மணிக்கு நானே அவனைக் கடையில் கொண்டுவந்து உட்கார்த்துகிறேன். கை வைத்த நாற்காலி, புதிது. வாயைத் துடைத்துவிடுகிறேன். காலாவதிச் சரக்குக் கிண்டலை அவனுக்காக நானே சொல்லி, நானே சிரிக்கிறேன்.

சந்தேகமிருந்தால் அவனையே கேளுங்கள், சார். என்னை விட்டுப் போகவேண்டும் என்று அன்றிலிருந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை.