கடைசி அத்தியாயத்தை மாற்றச் சொன்ன தாய்

பேச வந்தவர்களை எல்லாம் கடிகாரத்தைக் காட்டியே கட்டி மேய்க்கும் பாகூர் வாசகர் வட்டத் தலைவர் இளங்கோ அவர்களே, என் விரலைப் பிடித்து அகரம் எழுதவைத்த அதே கையால் இன்று இந்த மண்டபத்தில் விளக்கேற்றி வைத்திருக்கும், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை விருத்தாம்பாள் அம்மையார் அவர்களே, நடவை முடித்துவிட்டு நேராக நாற்காலிக்கு வந்திருக்கும் நல்ல உள்ளம் கொண்ட தாய்மார்களே, மடுகரையிலிருந்தும் வில்லியனூரிலிருந்தும் பேருந்து மாறி வந்திருக்கும் பெரியோர்களே, கடைசி வரிசையைக் கைப்பற்றிக்கொண்டு கைப்பேசியைக் காதலோடு பார்த்துக்கொண்டிருக்கும் கல்லூரிக் கண்மணிகளே, உங்கள் அனைவருக்கும் இந்தச் சுப்பராயலு நெஞ்சிலிருந்து எடுத்து வைக்கும் வணக்கம்.

பின்னால் கேட்கிறதா? கை தூக்குகிறார்கள். கேட்கிறது.

நான் கரும்பு போடுகிறவன். காலையில் கழனி, மாலையில் மேடை என்று முப்பது ஆண்டு கழித்தவன். எத்தனையோ பேரைப் பாராட்டிப் பேசியிருக்கிறேன். ஆனால், இன்று என் தங்கை மகள் இளவரசி எழுதிய நாவலை வெளியிட என்னை அழைத்திருக்கிறார்கள். தாய்மாமன் என்றால் தட்டு எடுத்து வருவான், பட்டு எடுத்து வருவான். பத்தொன்பது வயதுப் பெண்ணின் புத்தகத்தை ஏந்தி மேடைக்கு வருகிற மாமனாக எத்தனை பேருக்கு வாய்க்கும்? எனக்கு வாய்த்தது. இந்தப் பெருமையை நான் மறைக்கப் போவதில்லை.

நாவலின் பெயர், ‘அவள் பெயருக்கு நான் திரும்பினேன்’. இளையோருக்கான கதை. அதில் ஊர் வேறு, பெயர்கள் வேறு. ஆனால், அது பிறந்த வீடு ஏரிக்கரைத் தெருவில் இருக்கிற என் தங்கை முத்துலட்சுமியின் வீடு. அந்த வீட்டுக் கதையைச் சொல்ல அவளிடமே அனுமதி வாங்கிவிட்டுத்தான் இங்கே நிற்கிறேன்.

என் தங்கைக்கும் மாப்பிள்ளை நாகராஜனுக்கும் இரண்டு பெண்கள். மூத்தவள் ஜெயசுதா. அவள் இருக்கிற இடத்தில் இரைச்சல் இருக்கும். பள்ளியின் கோ-கோ அணிக்குத் தலைவி. இளையவள் இளவரசி. அவள் வீட்டில் இருக்கிறாளா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். சைக்கிளை அக்கா மிதிப்பாள், தங்கை பின்னால் உட்கார்ந்து வருவாள். பேச்சும் அப்படித்தான். அக்கா பேசுவாள், தங்கை பின்னால் உட்கார்ந்து கேட்பாள்.

ஜெயசுதா பிளஸ் டூ படித்த ஆண்டு, ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கு என்றார்கள். மருத்துவர்கள் தங்களால் ஆனதை எல்லாம் செய்தார்கள். குறை சொல்ல யாருமில்லை. ஒரு வாரத்துக்குள் எங்கள் பிள்ளை போய்விட்டாள்.

தாய்மார்களே, கண்ணைத் துடைக்காதீர்கள். நான் அழவைக்க வரவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வந்தேன்.

கருமாதி முடிந்து, உறவெல்லாம் கலைந்து, வீடு வெறிச்சோடிப் போன ஒரு பகல். சுவரோரம் சாய்ந்திருந்த என் தங்கை, கண்ணைத் திறக்காமலேயே சொன்னாள்: “சுதா, கொஞ்சம் தண்ணி கொண்டாம்மா.”

மாப்பிள்ளை திடுக்கிட்டு நிமிர்ந்தார். இளவரசி எழுந்தாள். தண்ணீர் கொண்டுவந்தாள். “இந்தாம்மா” என்று கொடுத்தாள்.

அன்று தொடங்கியது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் சுதா என்று ஒரு குரல் கேட்கும், இளவரசி திரும்புவாள். சுதாவுக்குக் கருவாட்டுக் குழம்பு என்றால் உயிர். இளவரசிக்கு அந்த வாடையே ஆகாது. தாய் ஆசையாக ஊற்றினாள், மகள் சத்தமில்லாமல் சாப்பிட்டாள். சிரிக்கிறீர்கள். சிரிக்கலாம், அவளே அதைச் சிரிப்பாகத்தான் எழுதியிருக்கிறாள். சுதாவின் விளையாட்டு உடையைத் தாய் மடித்து எடுத்து வைத்தாள், மகள் போட்டுக்கொண்டு கோ-கோ அணியில் சேர்ந்தாள். ஓடத் தெரியாத பிள்ளை. வில்லியனூரில் நடந்த போட்டிக்கு என் தங்கையும் வந்திருந்தாள். மைதானத்தின் ஓரத்தில் நின்று, “ஓடு சுதா, ஓடு” என்றாள். கூடப் படிக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இளவரசி ஓடினாள். ஓடிய வேகத்திலேயே பிடிபட்டாள். தாய் தன் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்து, “நல்லாத்தான் ஓடுன” என்றாள்.

மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. ஒருநாள் மகளைத் தனியாக அழைத்து, “நான் அம்மாகிட்ட சொல்லிடறேன்டி, ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்” என்றார்.

“வேணாம்ப்பா. அந்தப் பேரைக் கூப்புட அம்மாவுக்கு வேற யாரு இருக்காங்க?” என்றாள் அவள்.

வீரம் என்றால் எது? வாள் எடுப்பதா? தோள் தட்டுவதா? பதினாறு வயதில் தன் பெயரைத் தாயின் துயரத்துக்காகத் தள்ளி வைத்தாளே, அதைவிட வேறு வீரம் எது? அந்தப் பெண் என் வீட்டுப் பெண் என்று சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

ஆனால், நெஞ்சு நிமிர்ந்த நான் அவளுடைய நெஞ்சைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை. கல்லூரிக்குப் போகும் பேருந்தில், கூட்டத்தில் நின்றபடி, கைப்பேசியில் கட்டைவிரலால் அவள் கதை எழுதிக்கொண்டிருந்தாள். தன் பெயரில் தன்னை யாராவது கூப்பிட மாட்டார்களா என்று ஏங்கும் ஒரு பெண்ணின் கதை. தன்னை அறியாமல் அக்கா மீது கோபப்பட்டு, கோபப்பட்டதற்காக அழும் தங்கையின் கதை.

பதிப்பகம் ஏற்றுக்கொண்டது. அச்சுக்குப் போகும் முன் திருத்துவதற்காக ஒரு படி வீட்டுக்கு வந்தது. தாயிடம் அதைக் கொடுக்க இளவரசிக்குத் துணிவில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து மனைவியின் மடியில் வைத்தார். “உன் பொண்ணு எழுதியிருக்கா. படி” என்றார்.

என் தங்கை எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மெதுவாகப் படித்தாள். முடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். எல்லார் இலையிலும் கருவாட்டுக் குழம்பு. இளவரசி இலையில் மட்டும் பருப்பும் நெய்யும், பக்கத்தில் கத்தரிக்காய்ப் பொரியல்.

“உனக்குப் புடிக்காதாமே. வாயத் தொறந்து சொன்னா இன்னா?” என்றாள் தாய்.

“நீ ஆசையாப் போட்டம்மா.”

என் தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். “கடைசியில இன்னாடி எழுதிக்கிற? ஒருநாள் காலையில அந்த அம்மா சின்னவ பேரைச் சரியாக் கூப்புட்டுடறா, அதுக்கப்புறம் தப்பே வரலன்னு.”

“ஆமாம்மா.”

“அது பொய்யி. எனக்கு அப்படி ஒரு காலை வரல. நேத்துகூட உன்னை சுதான்னுதான் கூப்புட்டேன். நீயும் வந்து நின்ன.”

அவளே தொடர்ந்தாள். “இதைப் படிக்கிற புள்ளைங்க வூட்டுல எத்தினி அம்மா என்னை மாதிரி இருப்பாளோ. அதுங்க அந்தக் காலையப் பாத்துக்கினு காத்திருக்கும். வரலன்னா அம்மாவுக்கு நம்ம மேல பாசமில்லன்னு நெனைச்சுக்கும். மாத்தி எழுது.”

“மாத்துனா உன்னைத்தான்மா ஊருல ஒரு மாதிரியாப் பேசுவாங்க.”

“பேசட்டும். ரெண்டு பொண்ணு பெத்தவ, ரெண்டு பேரும் வாயில வரும்னு பேசட்டும். ஆனா ஒண்ணு. நான் தப்பாக் கூப்புட்டா நீ சும்மா வந்து நிக்காத. நான் இளவரசின்னு சொல்லு. சொன்னா எனக்கு ஒண்ணும் ஆயிடாது.”

அவையோரே, இறந்தவளை மறக்க மாட்டேன் என்றாள், இருப்பவளை இழக்க மாட்டேன் என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். இளவரசி எழுந்து கை கழுவாமலேயே அவளைக் கட்டிக்கொண்டாள். அக்கா இறந்தபோது கூட அப்படி அழாத பிள்ளை, அன்று அழுதாள். அன்று மாலையே கடைசி அத்தியாயத்தை அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். அது எப்படி முடிகிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசி வரிசையில் ஏதோ கேட்கிறார்கள். இன்னா தம்பி? அம்மா இப்போது சரியாகக் கூப்பிடுகிறாரா என்றா? இல்லை தம்பி. இன்று இந்த மண்டபத்துக்குக் கிளம்பும்போதுகூட, “சுதா, செருப்பைப் போடு, நேரமாவுது” என்றாள். “நான் இளவரசிம்மா” என்றாள் மகள். “தெரியும்டி, செருப்பைப் போடு” என்றாள் தாய். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே என் வண்டியில் ஏறினார்கள்.

முதல் படியைப் பெற்றுக்கொள்ள யாரை அழைக்கலாம் என்று தலைவர் கேட்டபோது, பெரிய மனிதர்களின் பெயர்கள் வந்தன. இளவரசி ஒரே பெயரைச் சொன்னாள். அந்தப் பெயருக்கு உரியவள் இதோ மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு, வர மாட்டேன் என்று கையாட்டுகிறாள். மேடைக்கு நான் இன்னா பண்ண வர்றது என்கிறாள். சொல்கிறேன், கேட்டுக்கொள் தங்கச்சி. ஜெயசுதாவின் தாயாக வா. இளவரசியின் தாயாக வா. இந்த நாவலில் பொய்யான இடம் எது என்று கண்டு சொன்ன முதல் வாசகியாக வா.

எழுந்துவிட்டாள். அருகில் இருக்கிற தாய்மார்கள் கொஞ்சம் வழி விடுங்கள். இளவரசி, கீழே இறங்கிப் போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொள், அந்த மேடைப் படி கொஞ்சம் உயரம்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. என் பேச்சு முடிந்தது, இனி இந்த மேடை அவர்களுடையது. வணக்கம்.