மக்கு மாமாவின் நாற்பது விடைகள்

— கதவைச் சாத்து தம்பி. உன் பொண்ணு கூடத்துல உட்கார்ந்திருக்கா. கத்தணும்னா சாத்திட்டுக் கத்து.

— நான் கத்த வரலைக்கா. ஒரே ஒரு உதவி. திங்கட்கிழமையிலிருந்து ஆன்லைன் கிளாஸை ரெண்டாப் பிரிக்கிறாங்களாம். இவளை மெதுவாப் படிக்கிற பிள்ளைங்களோட தள்ளிட்டாங்க. டீச்சரைக் கேட்டா, "எங்க கையில ஒண்ணுமில்ல சார், அந்தக் கணக்கு விளையாட்டுல வந்த மார்க்கு"ங்கறாங்க. அது நீ செஞ்சதுதானே?

— விளையாட்டு இல்ல. பாடம். திரையில அம்புக்குறியை நகர்த்தி, பட்டையைத் துண்டு போட்டு, கண்ணால பார்த்துப் புரிஞ்சுக்கற பாடம். மூணு வருஷம் உயிரைக் குடுத்து வரைஞ்சிருக்கேன், வாய்க்கு வந்தபடி பேர் வைக்காத.

— சரி, பாடம். அதுல ஏதோ கோளாறுக்கா. என் வண்டியில எத்தனை பெட்டி ஏத்தினோம், எத்தனை இறக்கினோம்னு தினம் கூட்டிச் சொல்றவளே அவதான்.

— கோளாறு பாடத்துல இல்ல மகராசனே. அப்பன் ரத்தம், வேற எப்படி இருக்கும்?

— அக்கா.

— வா, நீயே பாரு. இந்த மஞ்சள் கரடி இருக்கே, இதுக்குப் பேரு மக்கு மாமா. அது ஒரு விடை சொல்லும். பிள்ளைங்க இந்த எண் கோட்டுல அம்புக்குறியை வெச்சுப் பார்த்துட்டு, சரியா தப்பான்னு அழுத்தணும். நாற்பது கேள்வி. மாமா நாற்பதும் தப்பாத்தான் சொல்லும். உன் பொண்ணு நாற்பதுக்கும் "சரி"ன்னு அழுத்தி வெச்சிருக்கா.

— எங்க, பேச விடு அதை.

— கேளு. அரையையும் காலையும் கூட்டினா எவ்வளவுன்னு கேள்வி.

— "ரெண்டுல ஒண்ணு, நாலுல ஒண்ணு. மேல கூட்டினா ரெண்டு, கீழ கூட்டினா ஆறு. ஆறுல ரெண்டு! இதுக்குப் போய் என்னமோ பெரிய யோசனை வேண்டிக்கிடக்கு."

— அக்கா... இது நான்.

— குரலைக் கீச்சுன்னு மாத்தியும் கண்டுபிடிச்சுட்டியே.

— போன வருஷம் ஞாயித்துக்கிழமை தவறாம கூப்பிட்டு உட்கார வெச்சியே, "நீதான் முதல்ல பார்க்கணும், மனசுல தோணறதை வாய்விட்டுச் சொல்லு"ன்னு... அதுவா? ஐயோ, எங்கக்கா என்கிட்டதான் யோசனை கேட்கறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே!

— யோசனையா? உன்கிட்டயா? தப்பு வாங்கத்தான் கூப்பிட்டேன். ஆபீஸ்ல நாங்க பத்துப் பேர் உட்கார்ந்து யோசிச்சு எழுதின தப்பெல்லாம் பொய்யா இருந்துச்சு. ஒரு பிள்ளையும் நம்பலை. படிச்சவனுக்குத் தப்புப் பண்ண வராது தம்பி. உனக்குத்தான் அசலா வருது.

— கூடப் பொறந்தவன்க்கா நான்.

— ஆமாமா. கூடப் பொறந்தவனுக்கு மூணு டியூஷன். எனக்கு நீ கிறுக்கிப் போட்ட நோட்டு. அடுப்படியில உட்கார்ந்து உன் தப்பைத் திருத்தித் திருத்தித்தான் நான் கணக்கே படிச்சேன். இன்னைக்கு லட்சம் பிள்ளைங்க அதே மாதிரி படிக்குது. சந்தோஷப்படு, ஒருவழியா நீயும் உபயோகப்பட்டுட்ட.

— என்னை விடு. மக்குதான், ஒத்துக்கறேன். அவ என்ன பாவம் பண்ணா? இரு... அவ கை எப்படிப் போச்சுன்னு இதுல பார்க்க முடியுமா?

— முடியும். ஒவ்வொரு பிள்ளை கையும் எங்கெங்க போச்சுன்னு பதிவாகும். இந்தா.

— நிறுத்து, நிறுத்து. அம்பு முதல்ல போய் நின்னுச்சே, அது எந்த இடம்?

— முக்கால்.

— சரியான விடை எது?

— ...முக்கால்தான்.

— அங்க போய் நிக்குது. கொஞ்ச நேரம் அப்படியே நிக்குது. அப்புறம் பின்னாடி இழுத்துக்கிட்டு வந்து நான் சொன்ன இடத்துல வெச்சுட்டு "சரி"ங்கறா. அடுத்ததைப் போடு... பாரு, இதுலயும் அதேதான். அக்கா, அவளுக்குத் தெரியும்! நாற்பதும் தெரியும்! பதினெட்டு வருஷமா வண்டி ஓட்டறேன், தெரியாம திருப்பற கை எது, தெரிஞ்சே திருப்பற கை எதுன்னு எனக்குத் தெரியாதா?

— பரவாயில்லையே! எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் கண்ணுல படலை.

— உனக்கு?

— நான் முதல் வாரமே பார்த்துட்டேன். அவளையே போன்ல கேட்டேன். "அது அப்பா, அத்தை. அப்பாவைத் தப்புன்னு சொல்ல மாட்டேன்"னா.

— தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? பச்சைப் பிள்ளைக்கா அது!

— பாசத்துக்கு மார்க் போட இதுல வழி வைக்கலை. மூஞ்சியைத் தூக்காத. ஆறு மணிக்குப் பட்டியலை மூடுவாங்க, இன்னும் நேரமிருக்கு. அவ போட்ட பழைய விடையை அழிச்சுட்டேன். நீ பக்கத்துல உட்காரு, தப்புன்னு நீயே சொல்ல வை. கூப்பிடு அவளை.

— குட்டிம்மா, உள்ள வா. இந்தப் பாடத்தை இன்னொரு தடவை போடணும்.

— வேணாம்ப்பா. நான் அந்த கிளாஸ்லயே இருந்துக்கறேன்.

— அது நான் இல்லடா கண்ணு. சும்மா கரடி.

— உன் குரல் எனக்குத் தெரியாதா?

— சரி, நான்தான். நான் சொன்னது தப்பு. தப்புன்னு அழுத்து.

— மாட்டேன்.

— அழுத்துடி! மக்குன்னு முத்திரை குத்தி மூலையில தள்ளறாங்க, அறிவிருக்கா உனக்கு? அப்பாவுக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரியாதும்மா, நிஜமாவே தெரியாது. வாயைத் திறந்து சொல்லிட்டு அழுத்து.

— ...தப்பு.

— சத்தமா.

— தப்பு!

— அப்படித்தான் என் தங்கம். அழாத. அடுத்தது.

— தப்பு. இதுவும் தப்பு... தப்பு. அய்யே, இதுகூடவா தெரியாது? தப்பு!

— மெதுவாம்மா. அம்பை வெச்சுப் பார்த்துட்டு அழுத்து.

— பார்க்கவே வேணாம்ப்பா, நீ சொன்னா தப்பாத்தான் இருக்கும். தப்பு! தப்பு! அத்தை, இது செம ஜாலியா இருக்கு. இன்னும் இருக்கா?

— அவ்வளவுதான் கண்ணு. நாற்பதுக்கு நாற்பது. மேல் கிளாஸ்ல உன் பேருதான் முதல்ல. என்ன தம்பி, பேயறைஞ்ச மாதிரி நிக்கற? நீ கேட்டதுதானே?

— ஒண்ணுமில்லைக்கா. நல்லா இரு. குட்டிம்மா, செருப்பைப் போடு. பின்னாடித் தெரு வழியாப் போயிடலாம், அதுல கூட்டமே இருக்காது.

— இருப்பா, நீ சொல்லாத. அத்தை, நீங்க சொல்லுங்க, எங்க வீட்டுக்கு எந்த வழி?