ஈயச்சட்டி சூப்பர் ஹிட்ஸ்

வேணாம்மா, அந்த இயர்போன நீயே போட்டுக்க. எனக்கு அந்தப் பாட்டெல்லாம் மனப்பாடம். லார்க்கின்ல பஸ் ஏறுனதுலேர்ந்து பாக்குறேன், கண்ண மூடிட்டு அதத்தான் கேட்டுட்டு வர்ற. ஈயச்சட்டி பேண்டு, சூப்பர் ஹிட்ஸ், பன்னெண்டு பாட்டு. ஹிட்டாம் லா! எங்க ஹிட் ஆச்சு? பாதி, கோயில் திருவிழா மேடையோட சரி. மீதி, கல்யாண மண்டபத்துல சனம் சாப்புட்டுட்டு இருக்குறப்பப் பாடுனது. எல்லாத்தையும் பொறுக்கி ஒரே ஆல்பமாப் போட்டு, அட்டையில அந்தப் பாடுற ஆள மழையில நிக்க வெச்சுட்டா ஹிட் ஆயிடுமா?

அழுகையா வருதா? எந்தப் பாட்டுக்கு? ரீட்டா பஸ் ஏறிப் போனாளே, அதுவா? அலமாக்! அது பேக்டரி பஸ்ஸும்மா. பாசிர் கூடாங்ல ராத்திரி ஷிப்டு. அவ வேலைக்குப் போனா. காலையில திரும்பி வந்து அந்தாளுக்குத் தோசையும் சுட்டுப் போட்டா. அதப் பாட்டுல வெக்கல பாரு. கித்தாரக் கொஞ்ச நேரம் அழ வுட்டா போதும், ஊரே பாவம் பாவம்னுது. கேட்டா புளூஸ் ராக்காம்.

எனக்கு எப்படித் தெரியும்னா... அந்த ரீட்டா நாந்தாம்மா.

சிரி, பரவால்ல. என் பேரு பேச்சியம்மாள். பேச்சியம்மாள வெச்சு புளூஸ் பாட முடியாதாம், வாயில நிக்கலயாம். அதான் ரீட்டா. உன் பாட்டுக்காரர் ரூபேந்திரன் என் புருசன். கட்டிக்கிட்டு இருவது வருசத்துக்கு மேல ஆச்சு. ஓடிப்போயிட்டேன்னு யாரு சொன்னா? ஓ, எல்லாருமேவா.

ஒரே ஒரு தடவ போயிருக்கேன். குளுவாங்ல எங்கம்மாவுக்கு ஆபரேசன். கறி ஆக்கி வெச்சுட்டுத்தான் போனேன். சுட வெச்சுத் திங்கத் தெரியல மனுசனுக்கு. நான் வர்றதுக்குள்ள பாட்டு ரெடி, சோறு போட ஆளில்லேன்னு. அப்பறம் அந்தக் கதவச் சாத்திட்டா பாட்டு? சாவிய அவரே எங்கயோ தொலச்சிட்டு வந்து நின்னது அது. நான் ஷிப்டு முடிஞ்சு வந்து செத்த பொணமாத் தூங்கிட்டு இருந்தேன்.

கோவமா? அப்பல்லாம் இல்லம்மா. சிரிப்பேன். பாடுறதுக்கு வேற சரக்கு இல்ல, பாடிட்டுப் போறாருன்னு வுட்டுட்டேன்.

போன வாரம் இந்த ஆல்பம் வெளியீடு, ஜொகூர் பாருல பெரிய மண்டபத்துல. நான் புதுச் சேல கட்டிட்டு ரெண்டாவது வரிசையில ஒக்காந்திருக்கேன். மைக்கப் புடிச்சுச் சொல்றாரு, இது என்ன வுட்டுட்டுப் போனவளுக்குன்னு. உன்ன மாதிரிப் புள்ளைங்க போன் லைட்ட ஆட்டுதுங்க. பக்கத்துல இருந்த பொண்ணு, ஆண்டி நீங்க யாரு, அவரு சொந்தமான்னு கேட்டுச்சு. என்னத்தச் சொல்றது? சாப்பாடு கொண்டாந்தேன்னு சொல்லிட்டேன். டிரம் அடிக்கிற வீரமுத்துதான் பாவம், என் மூஞ்சியப் பாக்க முடியாமத் தலையக் குனிஞ்சுக்கிட்டான்.

இன்னிக்கு டிவிக்காரங்க பெர்மாஸ் ஜெயாவுல எங்க வீட்டுக்கு வர்றாங்க. தனியா வாழுற கலைஞன்னு படம் எடுக்கப் போறாங்களாம். காலையில எழுந்ததும், பேச்சி, ரெண்டு நாளு தங்கச்சி வீட்டுல இருந்துட்டு வா, நீ இருந்தா நல்லாருக்காதுன்னாரு. கல்யாணப் படத்த அவரே செவத்துலேர்ந்து கழட்டி, அரிசித் தொட்டிக்குப் பின்னாடி சொருவுனாரு. அப்பறம் வீடு பூரா சுத்தி என் சாமானாப் பொறுக்குறாரு. என்னிக்காவது ஒரு தட்டக் கழுவியிருப்பாரா? இன்னிக்கு அம்புட்டு சுறுசுறுப்பு! என் சீப்பையும் செருப்பையும் ஒரே பிளாஸ்டிக் பையில போட்டு நீட்டுனாரு. சீப்பும் செருப்பும் ஒண்ணா. வாங்கிட்டு அந்தப் பையையே பாத்துட்டு நின்னேன். எல்லாத்தையும் எடுத்துட்டியான்னு கேட்டாரு.

இருங்கன்னுட்டு உள்ள போனேன். ஐ.சி. கார்டு, சேலைங்க, எங்கம்மா போட்டோ, எல்லாத்தையும் அந்தப் பெரிய பெட்டியில அடுக்குனேன். ரெண்டு நாளைக்கு எதுக்கு இம்மாம் பெரிய பெட்டின்னு கேப்பாருன்னு பாத்தேன். எங்க? கண்ணாடி முன்னாடி நின்னு, எந்தத் தொப்பி சோகமா இருக்குன்னு மாட்டி மாட்டிப் பாத்துட்டு இருந்தாரு.

ஆமா, சிம்பாங் ரெங்கத்துலதான் எறங்கணும். தங்கச்சி தேன்மொழி அங்க நாசி லெமாக் சோத்துக் கட போட்டிருக்கு. பின்னாடி ஒரு ரூம் காலியாக் கெடக்கு. பஸ் ஏறுறதுக்கு முன்னாடியே போன்ல பேசி முடிச்சிட்டேன். திங்கக்கெழமைலேர்ந்து நானும் கடையில நிக்கிறேன்.

இல்லம்மா, திரும்பிப் போவல.

அவருக்கா? இன்னும் சொல்லல. இந்தா, மறுபடி போன் அடிக்கிறாரு பாரு. எடுக்க வேணாம், வுடு. பிரஷர் மாத்திர எங்கன்னு கேக்கத்தான். ஐஸ்பெட்டி மேலதான் இருக்கு, கண்ணால பாத்தாத் தெரியும்.