கழுத்துல ரெண்டு குழாய்

அந்த ஜன்னலக் கொஞ்சம் தொறங்க தங்கச்சி, பாலாவிச் சீமெந்துத் தூசி இன்னும் மூக்குல நிக்கிது. ஓம், கொழும்புக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு. முன் சீட்டுல பச்சைத் தொப்பியோட தூங்குறாரே, அவர்தான் எங்கட வீட்டுக்காரர், மஸாஹிர். அவர்ட மடியில கெடக்குறது ஸம்ஹா. பேத்தி இல்ல, மகள். நாப்பத்தி மூணுல பெத்தா எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க.

புள்ளைக்கு நெஞ்சுலதான் நோய். சுவாசப்பையிலயிருந்து இதயத்துக்கு வாற ரெத்தக் குழாய் சுருங்கிப் போச்சு. ரெண்டு தரம் பலூன் விட்டு விரிச்சாங்க, திரும்பச் சுருங்கிட்டு. மாமி ஓதித் தந்த தண்ணியும் குடுத்தன், தாகத்துக்காவது ஆகட்டுமேன்னு.

நாளைக்கும் பலூன்தான். ஆனா இந்தத் தரம் இதயம் தாங்காதாம். கழுத்துல ரெண்டு குழாயப் போட்டு ரெத்தத்த வெளிய எடுப்பாங்க. மெஷின் அதுல காத்துக் கலந்து திருப்பி அனுப்பும். விரிச்சு முடியிற வரைக்கும் மூச்சும் துடிப்பும் மெஷின்ட வேலை.

நான் படிச்சவளா? கன்னியாஸ்திரிமார்ட்ட இங்கிலீசு படிச்சன், அதுக்கு வந்த வினை. குடும்பத்துல எந்தக் கடிதம் வந்தாலும் நான்தான் வாசிக்கணும். வந்திருக்கிற வெளிநாட்டு டொக்டருக்கும் இங்கிலீசு மட்டுந்தான். அவர் அஞ்சு வசனம் சொன்னார், நான் இவருக்கு நாலு சொன்னன். இவர் தலையாட்டிட்டுக் கையெழுத்து வெச்சார்.

அவசரப்படாதீங்க, அஞ்சாவதுக்கு வாறன்.

முதல் தரம் இவர் ஒம்பது நாள் கண் மூடல்ல. உப்பளத்துல மயங்கி விழுந்து, தூக்கிட்டு வந்தாங்க. புள்ளையப் பாக்கிறதா, இவரப் பாக்கிறதா? அதால இந்தத் தரம், பெரிய காரியத்துக்கு முந்தி எங்கட ஆக்கள் செய்யிற மாதிரி ஊர்ல வீடு வீடாப் போய் செஞ்ச பிழைக்கு மாப்புக் கேக்கவும் இவர விடல்ல. சின்ன வேலை, எதுக்கு ஊரக் கூட்டுறீங்கன்னு அடக்கிட்டன். பக்கத்துல இருந்தா என்ட முகத்தப் பாத்தே கண்டுபிடிச்சிருவார், அதான் இங்க வந்து உங்கட தோள இடிச்சிக்கிட்டு இருக்கன்.

ஆனா இன்டைக்கு விடியச் சுபஹு தொழுதுட்டு வந்தவர்ட்ட நான் மாப்புக் கேட்டன். நான் யார்ட்டயும் கேக்கிற ஆள் இல்ல. சிரிக்கிறார். என்ன, ஹஜ்ஜுக்கா போற, எல்லாத்தையும் மன்னிச்சிட்டன், பாணுக்குச் சம்பல் இருக்கான்னார்.

அஞ்சாவது வசனமா? மெஷினக் கழட்டக்குள்ள எல்லாப் புள்ளைகள்ட இதயமும் திரும்ப வேலைக்கு வராதாம்.

மெல்லக் கதைங்க தங்கச்சி. சிலாபம் வரைக்குமாவது அவர் தூங்கட்டும்.