நாற்பத்தொன்றாம் எண்

டீ நன்றாக இருக்கிறது. எங்கள் பல்கலைக்கழகத்தில் இப்படி ஒரு டீ கிடைத்திருந்தால் பாதிப் பேராசிரியர்கள் மனிதர்களாக நடந்துகொண்டிருப்பார்கள். சரி, நீங்கள் கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி. சொல்கிறேன்.

இளம் வயதில் திடீரென்று இதயம் நின்று சாகிறவர்களின் மரபணுக்களை எங்கள் குழு ஆராய்கிறது. அவர்கள் ரத்தத்தை நோயில்லாதவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட வேண்டும். அதற்காக, ஆய்வகத்தில் புதிதாகச் சேருகிற எல்லோரும் ஒரு குப்பி ரத்தம் கொடுத்துவிடுவது எங்கள் வழக்கம். குப்பியில் பெயர் இருக்காது, எண்ணும் ஆணா பெண்ணா என்பதும் மட்டும். எந்த எண் யாருடையது என்று எழுதிய நோட்டு என் அலமாரியில் இருக்கும். பதினோரு வருடமாகச் சாவி என்னிடம்தான்.

அவள் வந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. வாராந்தரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் திரையைக் காட்டினாள். "அண்ணே, இதுல பொம்பளைன்னு எழுதியிருக்கீங்க. உள்ள இருக்கறது ஆம்பளை ரத்தம். அடுத்த குப்பி அப்படியே தலைகீழ்." இரண்டு குப்பிகளில் சீட்டை நான் மாற்றி ஒட்டியிருந்தேன். பேராசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். அதன்பிறகு நான் டம்ளரை எடுத்தாலே, "அண்ணே, அது டீதானா, சீட்டைப் பாத்தீங்களா?" என்பார்கள். ஆரம்பித்து வைத்தவள் அவள்தான். எனக்கு வயிறு எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளே என் மேசைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது. நோயில்லாதவர்கள் பட்டியலில் நாற்பத்தொன்றாம் எண்ணில் அந்தக் கோளாறு இருக்கிறது, எந்த நிமிடமும் இதயம் நின்றுவிடலாம் என்றாள்.

"யாருன்னு எனக்குத் தெரிய வேணாம்ணே. நீங்க மட்டும் பாத்துச் சொல்லிடுங்க. நெஞ்சுல சின்னதா ஒரு கருவி வெச்சாப் போதும், பொழைச்சுக்குவாங்க."

நோட்டைத் திறந்தேன். நாற்பத்தொன்று அவள்.

தானும் குப்பி கொடுத்தவள் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. நோய் என்பது எண்களுக்கு வருவது, நமக்கு வராது என்று எங்கள் ஆட்களுக்கு ஒரு நினைப்பு.

மறுநாள், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். "பயந்துட்டாங்களா?" இல்லை, தைரியமாக இருக்கிறார் என்றேன். "அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

முகத்தைச் சுளிக்காதீர்கள். நான் அவளைத் தொடக்கூட இல்லை. ரகசியம் காப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஏழு வாரம், லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், அவள் இரண்டிரண்டு படியாக ஐந்து மாடி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வாரம் மூன்றாம் மாடித் திருப்பத்தில் விழுந்து கிடந்தாள். ஆம்புலன்சுக்கு முதலில் போன் செய்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவள் கணவர் வந்தார். அவள் உயிரைக் கொண்டுபோன இதயக் கோளாறு மகளுக்கும் இருக்குமோ என்று பார்க்கச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டார். மூன்று வயதுக் குழந்தை. ஊசி போட்டபோது அழக்கூட இல்லை. திங்கட்கிழமை முடிவு வந்தது. அதற்கும் அதே கோளாறு.

நேற்று அவர் போன் செய்தார். ஒன்றும் இல்லை, நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏற்கெனவே நொந்துபோன மனிதர். அவரை மேலும் வருத்த எனக்கு மனம் வரவில்லை.