சத்யபிரியாவின் ஜாதகத்தைத் திறந்தால் மட்டும்

கம்ப்யூட்டர் என்றால் சில நேரம் மெதுவாகத்தான் ஓடும். அதிலும் கோவில்பட்டி வெயிலில், கரிசல் புழுதியில். இதை நான் நந்தகோபால் அண்ணாச்சியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் நம்பினார்.

2005-ல் அவருடைய திருமணத் தகவல் மையத்தில் நான்தான் ஆபரேட்டர். லினக்ஸ் போட்ட ஒரே கம்ப்யூட்டர். அதில் ஜாதகம் ஏற்றிப் பொருத்தம் பார்ப்பது என் வேலை. பக்கத்து மேசையில் வருகிறவர்களின் பெயரைப் பதிந்துகொண்டவள் அண்ணாச்சியின் மகள் சத்யபிரியா. அவளுக்கும் வரன் பார்த்தார்கள். அவளுக்கு ஏற்றவன் நான்தான் என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொன்னதில்லை, தெரிந்த விஷயத்தை எதற்குச் சொல்ல வேண்டும்?

அதனால் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிவில்லாமல் எண்ணும், அவ்வளவுதான். அவளைக் கேட்டு யாராவது வந்தால் அதையே பத்திருபது பிரதிகளாகத் திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடவிடுவேன். மவுஸ் அம்பு ஆமையாகிவிடும்.

"ஏலே யோகராஜ், மிஷினு என்னலே எருமை கணக்கா படுத்துக் கெடக்கு?"

"மெமரி பத்தல அண்ணாச்சி."

மெமரி வாங்கிப் போட்டார். நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட்டேன்.

இதில் யாருக்கும் பெரிய தீங்கில்லை. ஓட்டப்பிடாரத்திலிருந்து ஒரு வாத்தியார் மாப்பிள்ளை தாயோடு வந்தான். பொருத்தம் வரத் தாமதமானது. சத்யபிரியா தண்ணீர் கொடுத்தாள். அவன் ஏதோ சொல்ல, சிரித்தாள். அவள் எல்லோரிடமும் சிரிப்பாள். கடைசியில் தாய்க்காரி எழுந்தாள்.

"மிஷினே இம்புட்டு யோசிக்குதுன்னா சகுனம் சரியில்ல. வாப்பா, போவோம்."

அவனுக்குத் தையில் வேறிடத்தில் கல்யாணம் முடிந்தது. அண்ணாச்சி மகள் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரே ஏற்கவில்லை என்று ஊரில் பேச்சானது. பரிகாரத்துக்காக அவளைச் சங்கரன்கோவிலுக்கு அழைத்துப் போனார்கள். தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனவன் நான்தான்.

பிறகு சாத்தூர் வரன் வந்து காத்திருந்த அன்று, அண்ணாச்சி என்னிடம் சொல்லாமலே ஹரி என்ற சர்வீஸ்காரனை வரவழைத்துவிட்டார். அவன் ஒரே ஒரு கட்டளையை அடித்தான். உள்ளே ஓடுவதெல்லாம், ஓட்டியவர் பெயரோடு, திரையில் வரிசையாக வந்து நின்றது.

"கம்ப்யூட்டர்ல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. உள்ள ஒருத்தர் சும்மா எண்ணிக்கிட்டு இருக்காரு. பேரு யோகராஜ்."

அண்ணாச்சி திரையில் என் பெயரை விரல் வைத்துப் படித்தார். சத்யபிரியாதான் கேட்டாள்.

"ஓட்டப்பிடாரத்து வாத்தியார் வந்தப்பமும் இதத்தான் செஞ்சீங்களா அண்ணே?"

அண்ணே என்பது எங்கள் பக்கம் வாய்ப்பழக்கம், அதில் ஒன்றுமில்லை.

"ஆமா. எல்லா வரனுக்கும் நான்தான் செஞ்சேன். உனக்காகத்தான்" என்றேன்.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். தெருமுனை தாண்டும்வரை அந்த அழுகை எனக்குக் கேட்டது. என்னைப் பிரிவது அவளுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கிறது.